புனிதர் இருவருக்கு ஒரே திருநாள் வருவது எப்படி?

செபஸ்தியாரைத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மரத்தில் கட்டப்பட்டு உடம்பெல்லாம் அம்பு தைத்த இளைஞர், கொள்ளைநோய்க் காலத்தில் ஓடிப்போய் முறையிட வேண்டிய புனிதர், ஜனவரி 20 அவர் திருநாள். ஆனால் 1969-க்கு முந்தைய உரோமைப் பூசைப் புத்தகங்களில் அந்த நாளுக்கு அவர் பெயர் மட்டும் இருக்காது. அவருக்கு முன்னால் இன்னொரு பெயர் நிற்கும்: பபியான், திருத்தந்தை.

யார் இந்தப் பபியான், செபஸ்தியாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில்கள் விதவிதமாக வரும். இருவரும் ஒன்றாகக் கொல்லப்பட்டார்கள் என்பார் ஒருவர். பபியானிடம்தான் செபஸ்தியார் ஞானஸ்நானம் பெற்றிருப்பார் என்று ஊகிப்பார் இன்னொருவர். இருவருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் கொடுத்திருப்பார்கள் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூன்றுமே சரியில்லை. பபியான் இறந்தது 250ஆம் ஆண்டில். செபஸ்தியார் இறந்தது பேரரசர் தியோக்கிளேசியன் காலத்தில், அவர் ஆட்சி தொடங்கியதே 284-இல்தான். முன்னவர் கல்லறைக்குப் போய் ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் பின்னவர் கொல்லப்படுகிறார்.

பிறகு எப்படி ஒரே நாள்? இதற்கான விடை புனிதர்களின் வாழ்க்கையில் இல்லை. நாட்களைக் குறித்து வைத்தவர்களின் பழக்கத்தில் இருக்கிறது.

## திருநாள் என்பது எந்த நாள்?

முதலில் ஒரு சொல். இயேசுவின் மேல் வைத்த நம்பிக்கையை விடமாட்டேன் என்று சொல்லி அதற்காக உயிரைக் கொடுத்தவரை மறைசாட்சி என்கிறோம். வேதசாட்சி, இரத்தசாட்சி என்பவையும் இதுதான். கிறிஸ்தவத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளில், ஆண்டுதோறும் நினைவு கொண்டாடப்பட்ட புனிதர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

மறைசாட்சியின் திருநாள் அவர் பிறந்த நாளில் வராது, இறந்த நாளில் வரும். இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. இன்றைய துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் நகரம் அன்று ஸ்மிர்னா. அங்கே ஆயராக, அதாவது அந்நகரச் சபையின் தலைவராக இருந்த பொலிக்கார்ப்பு 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எரித்துக் கொல்லப்பட்டார். நடந்ததை அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் வேறொரு ஊர்ச் சபைக்குக் கடிதமாக எழுதினார்கள். மாணிக்கத்தை விட மேலான அவருடைய எலும்புகளைச் சேகரித்துத் தகுந்த இடத்தில் வைத்தோம், ஆண்டுதோறும் அங்கே கூடி அவருடைய சாட்சியத்தின் பிறந்த நாளைக் கொண்டாடுவோம் என்ற கருத்து அந்தக் கடிதத்தில் வருகிறது. ஒரு கல்லறை, ஒரு தேதி, ஆண்டுக்கு ஒரு கூட்டம். இன்று நாம் திருநாள் என்று சொல்லும் எல்லாமே இந்த மூன்றிலிருந்து வளர்ந்தவைதான்.

இறந்த நாளைக் கல்லறையில் அனுசரிப்பது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. உரோமைக் குடும்பங்கள் எல்லாமே தங்கள் முன்னோர் கல்லறைக்கு உணவும் திராட்சை மதுவும் எடுத்துப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தன. பிற்காலத்தில் புகழ்பெற்ற ஆயரும் எழுத்தாளருமான அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா ஆப்பிரிக்காவில் இருந்தபோது மறைசாட்சிகளின் கல்லறைகளுக்கு அப்படித்தான் கஞ்சியும் ரொட்டியும் மதுவும் கொண்டுபோவார். பிறகு இத்தாலியில் மிலான் நகருக்கு வந்தும் அதையே செய்யப் போனபோது, ஆயர் அம்புரோஸ் அதைத் தடை செய்திருப்பதாக வாசல்காப்போன் சொல்லித் திருப்பி அனுப்பினார். மகனே எழுதி வைத்த செய்தி இது. மறைசாட்சியின் நாள் என்பது முதலில் வீட்டுச் சடங்கு போன்ற ஒன்று. சபை முழுவதும் ஒரே குடும்பம் என்பதால் அது எல்லாருக்கும் பொதுவாயிற்று, அவ்வளவே.

## திவசக் கணக்கு

நம் வீடுகளில் திவசம் எப்படிப் பார்க்கிறோம்? இறந்தவரின் மாதம், பட்சம், திதி மூன்றும் தெரிந்தால் போதும். எந்த ஆண்டு இறந்தார் என்பது சடங்குக்குத் தேவைப்படுவதில்லை. தாத்தா 1952-இல் ஆவணி மாதம் தேய்பிறை சப்தமியில் இறந்தார், அவருடைய தம்பி மனைவி 1987-இல் அதே திதியில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். குடும்ப நோட்டில் அந்தத் திதிக்கு நேரே இரண்டு பெயர்கள் ஏறிவிடும். நோட்டை எழுதியவருக்கு இருவர் கதையும் தெரியும். மூன்று தலைமுறை கழித்து அதைத் திறக்கும் கொள்ளுப்பேரன், ஏதோ விபத்தில் இருவரும் ஒன்றாகப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

பபியான், செபஸ்தியார் விஷயத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

ஆதித் திருச்சபையும் நாளைத்தான் குறித்தது. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்பிரியான், 250-ஐ ஒட்டி, தலைமறைவாக இருந்துகொண்டு தம் குருக்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. சிறையில் இருக்கும் விசுவாசிகள் இறந்தால் அவர்கள் இறக்கும் நாட்களையும் குறித்து வையுங்கள், மறைசாட்சிகளின் நினைவுகளோடு அவர்களுடைய நினைவையும் கொண்டாட வேண்டும் என்கிறார். கதையை எழுதச் சொல்லவில்லை, ஆண்டைக் கேட்கவில்லை. நாள் வேண்டும், அவ்வளவுதான். ஒரு நிர்வாகி அலுவலக உத்தரவு போடும் தொனியில் எழுதப்பட்ட இந்த ஒரு வரியில் திருவழிபாட்டு நாள்காட்டி முழுவதற்கும் விதை இருக்கிறது. திருவழிபாட்டு நாள்காட்டி என்றால் எந்த நாளில் யாரை நினைத்துத் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்று சொல்லும் பட்டியல்.

## 354ஆம் ஆண்டுப் பட்டியல்

அப்படிக் குறித்த நாட்களின் பட்டியல் ஒன்று உரோமையிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. வாலந்தீனுஸ் என்ற செல்வந்தருக்காக, பிலோக்காலுஸ் என்ற புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர் 354-இல் ஒரு தொகுப்பைத் தயாரித்தார். அதில் அரசு விடுமுறைகள், கொன்சல்கள் எனப்பட்ட ஆண்டுத் தலைவர்களின் வரிசை, உரோமை ஆயர்களின் பட்டியல் எல்லாம் உண்டு. நடுவே மறைசாட்சிகளை அடக்கம் செய்த நாட்கள் என்ற சிறிய பகுதியும் இருக்கிறது. டிசம்பர் 25-இல் கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்று தொடங்குவது இந்தப் பகுதிதான்.

இதன் வரிகள் தந்தி போல இருக்கும். தேதி, பெயர், எந்தக் கல்லறைத் தோட்டம். அதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. எப்படி இறந்தார், யார் கொன்றார், எந்த ஆண்டு என்று ஒரு சொல் இல்லை. வரலாறு எழுதும் நோக்கமே இதற்கு இல்லை. இன்ன நாளில் இன்ன சாலையில் இருக்கும் இன்ன கல்லறைக்கு வாருங்கள் என்று உரோமைக் கிறிஸ்தவர்களுக்கு வழி சொல்லும் அறிவிப்பு இது.

ஜனவரி 20-க்கு உரிய வரி இப்படி இருக்கிறது: பபியான் கலிஸ்து கல்லறையில், செபஸ்தியார் கட்டகும்பாஸ் கல்லறையில்.

கலிஸ்து கல்லறையும் கட்டகும்பாஸும் உரோமையிலிருந்து தெற்கே போகும் ஆப்பியா நெடுஞ்சாலையில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டுமே நிலத்தைக் குடைந்து சுரங்கமாக அமைத்த கல்லறைகள். கட்டகும்பாஸ் என்ற அந்த இடத்தின் பெயரே பிற்காலத்தில் இத்தகைய நிலத்தடிக் கல்லறை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. நாள் ஒன்று, கல்லறைகள் இரண்டு, வரி ஒன்று. இருவரும் வெவ்வேறு இடத்தில் அடக்கமானவர்கள் என்று அந்த வரியே தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதிலிருந்து நகலெடுத்தவர்கள் காலப்போக்கில் கல்லறைப் பெயர்களை விட்டுவிட்டு ஆட்பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பபியானும் செபஸ்தியாரும் என்று அது சுருங்கியதும் இருவரும் கூட்டாளிகளாகிவிட்டார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: திருநாள் இறந்த நாளை ஒட்டி வருகிறது. நாளைக் குறித்தவர்கள் ஆண்டைக் குறிக்கவில்லை. அதனால் வெவ்வேறு ஆண்டுகளில் இறந்தவர்கள் ஒரே தேதியில் வந்து சேர முடியும்.

## அந்த இருவர் யார்?

பபியான் 236 முதல் 250 வரை உரோமையின் ஆயர், அதாவது திருத்தந்தை. தேர்தல் கூட்டத்தில் புறா ஒன்று வந்து அவர் தலையில் உட்கார்ந்ததாகவும், அதைக் கண்டு மக்கள் அவரையே தேர்ந்தெடுத்ததாகவும் 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். புறாவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மனிதர் நல்ல நிர்வாகி என்பதில் சந்தேகமில்லை. 249-இல் பேரரசரான தேசியு, பேரரசின் மக்கள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படி வழங்கிய சான்றிதழ்கள் பல எகிப்தின் பாலைமணலில் பப்பைரசுத் தாள்களாக இன்றும் கிடைத்திருக்கின்றன. அந்த ஆணைக்கு முதலில் பலியானவர்களில் ஒருவர் பபியான். 19ஆம் நூற்றாண்டில் தெ ரோஸ்ஸி என்ற தொல்லியல் அறிஞர் கலிஸ்து கல்லறையைத் தோண்டியபோது, கிரேக்க எழுத்தில் பபியான், ஆயர், மறைசாட்சி என்று பொறித்த பலகைக்கல் கிடைத்தது.

செபஸ்தியாரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது இதைவிடக் குறைவு. அவர் மிலானோடு தொடர்புடையவர், உரோமைக்குப் போய் அங்கே உயிர் கொடுத்தார் என்று அம்புரோஸ் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொல்கிறார். அம்புக் கதை அதற்கும் பிறகு, 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அந்தக் கதையின்படிகூட அவர் அம்பால் சாகவில்லை. இறந்துவிட்டார் என்று வீரர்கள் விட்டுப்போன உடலை இரேனே என்ற விதவை எடுத்துக் காப்பாற்றுகிறார், தேறி எழுந்தவர் பேரரசரிடமே போய்க் கேள்வி கேட்கிறார், அதன் பிறகுதான் தடியால் அடித்துக் கொல்லப்படுகிறார். அம்பு தைத்த அழகான இளைஞர் உருவம் மறுமலர்ச்சிக் கால ஓவியர்களின் கைவண்ணம். உரோமையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மொசைக் படம் ஒன்றில் அவர் தாடி வைத்த வயதான மனிதராக நிற்கிறார்.

## சேர்ந்தே இருந்தவர்களுக்கு வெவ்வேறு நாள்

ஒரே நாள் என்றால் உறவு இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பது, இதற்கு நேர் எதிரான நிலையைப் பார்த்தால் இன்னும் விளங்கும்.

258-இல் பேரரசர் வலேரியன், கிறிஸ்தவ ஆயர்களையும் குருக்களையும், குருக்களுக்கு அடுத்த நிலையில் பணியாற்றும் திருத்தொண்டர்களையும் உடனே கொல்ல ஆணையிட்டார். ஆகஸ்டு 6-இல் உரோமை ஆயர் இரண்டாம் சிக்ஸ்துஸ் கல்லறைத் தோட்டத்தில் வைத்துப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார், அவரோடு திருத்தொண்டர்கள் நால்வரும். இது பிற்காலக் கட்டுக்கதை கிடையாது. அதே மாதத்தில் சிப்பிரியான் கார்த்தேஜிலிருந்து எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. சிக்ஸ்துஸின் இன்னொரு திருத்தொண்டர் லாரன்ஸ் நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 10-இல் இறந்தார்.

சிக்ஸ்துஸும் லாரன்சும் ஒரே சபை, ஒரே பலிபீடம், ஒரே ஆணை. ஆனால் நான்கு நாள் இடைவெளியால் இருவருக்கும் தனித்தனித் திருநாள். ஒருவரையொருவர் பார்த்தே இராத பபியானும் செபஸ்தியாரும் பல நூற்றாண்டுகளாக ஒரே பூசையில். நாள்காட்டி உறவு பார்ப்பதில்லை, தேதி மட்டும் பார்க்கிறது.

## உண்மையிலேயே ஒன்றாகப் போனவர்கள்

சரி, எல்லாக் கூட்டுத் திருநாளும் இப்படித் தற்செயல்தானா? இல்லை. ஒரே நிகழ்ச்சியில் பலர் இறந்து, அதனாலேயே ஒரே நாளில் நினைக்கப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் தலையாயவர்கள் பெர்பெத்துவா, பெலிசித்தா. மார்ச் 7.

203-இல் கார்த்தேஜ். பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்த நாள் கொண்டாட்டத்துக்காக அரங்கில் விலங்கு விளையாட்டு ஏற்பாடாகிறது. சிறையில் ஞானஸ்நானத்துக்குத் தயாரித்துக்கொண்டிருந்த இளையவர்களின் குழு ஒன்று. பெர்பெத்துவாவுக்கு ஏறத்தாழ 22 வயது, நல்ல குடும்பத்துப் பெண், படித்தவர், கையில் பால்குடிக் குழந்தை. பெலிசித்தா அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளைத் தண்டிக்கக் கூடாது என்பது சட்டம். தன் பேறுகாலத்தால் தான் மட்டும் பின்தங்கி, பிறகு யாரோ குற்றவாளிகளோடு தனியாகச் சாக நேருமே என்பதுதான் அவருடைய கவலை. சிறையிலேயே முன்கூட்டிப் பெண் குழந்தை பிறந்தது. அதைச் சகோதரி ஒருத்தி வளர்க்க எடுத்துக்கொண்டார். இவர்களோடு சத்தூருஸ், சத்தூர்னீனுஸ், ரெவொக்காத்துஸ் ஆகியோரும் அரங்கில் இறந்தார்கள். செக்குந்துலுஸ் சிறையிலேயே இறந்துவிட்டார்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்றால், பெர்பெத்துவா சிறையில் தானே எழுதி வைத்தார். குழந்தைக்குப் பால் கொடுக்க முடியாத தவிப்பு, குழந்தை கையில் வந்ததும் சிறையே அரண்மனை ஆகிவிட்டது என்ற உணர்வு, தாடியைப் பிய்த்துக்கொண்டு அழும் வயதான தந்தை என்று எல்லாம் அதில் இருக்கிறது. பழங்காலக் கிறிஸ்தவப் பெண் ஒருவரின் சொந்த எழுத்தாக நம் கைக்கு வந்திருப்பது மிக அரிது என்பதால், மறைசாட்சிகளைப் பற்றி ஒரே ஒரு நூல் படிக்க விரும்புபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆறு பேர் இருந்தும் இருவர் பெயர் மட்டும் திருநாளில் நிலைத்திருப்பதற்கு இந்த எழுத்தின் வலிமையும் ஒரு காரணமாக இருக்கும். 354-இன் உரோமைப் பட்டியலிலேயே கடல் தாண்டிய ஆப்பிரிக்காவின் பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் இடம் பிடித்துவிட்டார்கள்.

ஆசியா மைனரின் செபஸ்தே நகரில் 320-ஐ ஒட்டி உறைபனி ஏரியில் நிறுத்திக் கொல்லப்பட்ட 40 படைவீரர்களும் இந்த வகைதான். அவர்களில் ஒருவர் குளிர் தாங்காமல் கரையிலிருந்த வெந்நீர்க் கூடத்துக்கு ஓட, காவலுக்கு நின்றவர் ஒருவர் உடையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றார் என்பது கதை. எண்ணிக்கை குறையவில்லை. கிழக்குச் சபைகளில் மார்ச் 9 அவர்களுக்குப் பெரிய நாள்.

## இறந்த நாளும் இல்லை, பிறகு?

இனி வருவது கொஞ்சம் சிக்கல். சில கூட்டுத் திருநாட்கள் இறந்த நாளையே குறிப்பதில்லை.

போன்சியான், இப்போலித்து இருவருக்கும் ஆகஸ்டு 13. போன்சியான் உரோமை ஆயர். இப்போலித்து, பல ஆய்வாளர்கள் கருதுவது போல, உரோமை ஆயர்களை எதிர்த்துத் தனி அணி நடத்திய அறிஞர். 235-இல் பேரரசர் மாக்சிமீனுஸ் இருவரையும் சேர்த்துச் சார்தீனியா தீவுக்கு நாடு கடத்தினார். போன்சியான் பதவியிலிருந்து விலகினார். இருவரும் திரும்பி வரவில்லை. பிறகு உடல்கள் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு ஆகஸ்டு 13-இல் அடக்கம் செய்யப்பட்டன, அதுவும் வெவ்வேறு சாலைகளில். போன்சியானின் உடலைக் கொண்டுவந்தவர் நாம் மேலே பார்த்த பபியான்தான். வாழ்ந்த காலத்தில் எதிரெதிராக நின்றவர்கள் அடக்க நாளால் ஒரே வரியில் வந்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த கூட்டுத் திருநாள் இது.

நம் முன்னோர் இராயப்பர், சின்னப்பர் என்று அழைத்த பேதுருவுக்கும் பவுலுக்கும் ஜூன் 29. இருவரும் நீரோ காலத்தில், 60-களின் நடுவில் இறந்தவர்கள் என்பது மரபு. ஆனால் 354-இன் பட்டியல் அந்த நாளுக்கு நேரே, வழக்கத்துக்கு மாறாக, 258ஆம் ஆண்டின் கொன்சல்களின் பெயரைத் தருகிறது. அந்த ஆண்டில் ஆப்பியா சாலைக் கல்லறையில் இருவருக்கும் வணக்கம் தொடங்கிய நாளாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. இருவரும் ஒரே நாளில் இறந்தார்களா என்ற கேள்வி அன்றே இருந்தது. ஒரே நாள், ஆனால் ஓராண்டு இடைவெளி என்று பாடினார் கவிஞர் புருதென்சியு. வெவ்வேறு நாட்களில் பாடுபட்டாலும் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள் என்று மறையுரையில் சொன்னார் அகுஸ்தினார். நாள் ஒன்றாகாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்ற தெளிவு அவருக்கு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

திருத்தூதர்கள் பிலிப்பு, யாக்கோபு இருவரும் சேர்ந்ததற்குக் காரணம் கட்டடம். இவர்களுடைய திருப்பண்டங்கள், அதாவது புனிதரின் எலும்பு போன்ற எச்சங்கள், 6ஆம் நூற்றாண்டில் உரோமையில் ஒரே கோயிலில் வைக்கப்பட்டன. அந்தக் கோயில் மே 1-இல் நேர்ந்தளிக்கப்பட்டதால் மே 1 இருவருக்கும் திருநாளாயிற்று. மருத்துவச் சகோதரர்கள் கோஸ்மாஸ், தமியான் ஆகியோரின் பழைய நாளான செப்டம்பர் 27-உம் உரோமைப் பொதுமன்றத்தில் அவர்களுக்கு எழுந்த கோயிலின் நேர்ந்தளிப்பு நாள் என்றே கருதப்படுகிறது.

ஆக, கூட்டுத் திருநாளில் இரண்டு பெயர்களைப் பார்த்தால் காரணம் பலவாக இருக்கலாம்: சேர்ந்து இறந்தது, வெவ்வேறு ஆண்டில் அதே தேதியில் இறந்தது, அடக்கம், எலும்புகள் ஒரே கோயிலுக்கு வந்தது. பெயர்களை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது.

## பட்டியல் பருத்த கதை

ஒவ்வொரு நகரமும் தன் மறைசாட்சிகளுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தவரை குழப்பம் குறைவு. 5ஆம் நூற்றாண்டில் யாரோ உரோமை, ஆப்பிரிக்கா, கிழக்கு நாடுகள் எல்லாவற்றின் பட்டியல்களையும் ஒன்றாகக் கலந்து பெரிய தொகுப்பு செய்தார்கள். மதிப்பு கூட வேண்டும் என்று, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த அறிஞர் ஜெரோமின் பெயரையும் அதில் ஒட்டினார்கள். நாள்வாரியாகப் புனிதர்களைத் தொகுத்த இத்தகைய நூலை மறைசாட்சியர் நூல் என்பார்கள். ஒரு நாளுக்குப் பெயர்கள் டஜன் கணக்கில் வந்தன. நகலெடுத்தவர்கள் ஒரே பெயரை இரண்டு முறை எழுதினார்கள், ஊர்ப்பெயரை ஆள்பெயராக்கினார்கள். இப்படிச் சேர்ந்த பெயர்க் கூட்டத்தை வைத்துக்கொண்டு இவர்கள் எல்லாம் தோழர்கள் என்று கதை கட்டுவது பிற்கால எழுத்தாளர்களுக்கு எளிதாகிவிட்டது.

8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீடு இதைத் திருத்த முயன்றார். எந்த நாள் என்பதோடு நிற்காமல், எப்படிப்பட்ட போராட்டத்தில், எந்த நடுவரின் கீழ் இறந்தார்கள் என்று தேடி எழுதினேன் என்று அவரே சொல்கிறார். தெரியாத நாட்களைக் காலியாக விட்டுவிட்டார். அடுத்த நூற்றாண்டில் அதோ என்ற ஆயருக்கு அந்த வெற்றிடம் பொறுக்கவில்லை, இஷ்டத்துக்கு நிரப்பினார். அவருடைய தேதிகள் சில பல நூற்றாண்டுகள் நிலைத்தும் விட்டன. உரோமைத் திருச்சபையின் அதிகாரப்பூர்வ மறைசாட்சியர் நூல் 1584-இல் வந்தது. அதைச் சலித்துச் சுத்தம் செய்யும் வேலை நம் காலம் வரை நடந்திருக்கிறது.

புனிதர் பட்டம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இன்று திருத்தந்தை விசாரணைகளுக்குப் பிறகு ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கிறார். திருத்தந்தை அப்படி முறைப்படி அறிவித்ததாக நமக்குத் தெரிந்த முதல் ஆள் ஆக்ஸ்பர்க் நகர ஆயர் உல்ரிக், ஆண்டு 993. அதற்கு முந்திய மறைசாட்சிகள் யாருக்கும் பட்டமளிப்பு விழா நடந்ததே இல்லை. கல்லறையில் மக்கள் கூடினார்கள், ஆயர் ஏற்றுக்கொண்டார், பெயர் பட்டியலில் ஏறியது.

## எல்லாருக்கும் ஒரு நாள்

ஒரே நாளில் பெயர்களைச் சேர்ப்பதன் உச்சம் நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. தியோக்கிளேசியன் 303-இல் தொடங்கிய கொடுமையில், குறிப்பாகக் கிழக்கில், இறந்தவர்கள் ஏராளம். ஆளுக்கொரு நாள் வைக்க ஆண்டில் நாட்கள் போதாது, பலருடைய பெயரே தெரியாது. அதனால் மறைசாட்சிகள் அனைவருக்கும் பொதுவான நாள் கிழக்கில்தான் முதலில் தோன்றியது. பெந்தக்கோஸ்துக்கு அடுத்த ஞாயிறு என்ற கிழக்கு வழக்கம் இன்றும் தொடர்கிறது. உரோமையில் திருத்தந்தை நான்காம் போனிபாசு, 609-ஐ ஒட்டி, மே 13-இல் பழைய பாந்தியோன் கோயிலை மரியாவுக்கும் மறைசாட்சிகள் அனைவருக்கும் நேர்ந்தளித்தார். நவம்பர் 1 என்ற தேதி 8, 9ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது.

## நாள்காட்டியில் இடநெருக்கடி

புதிய புனிதர்கள் வர வர, பழையவர்களோடு தேதி மோதும். பெர்பெத்துவாவுக்கும் பெலிசித்தாவுக்கும் அதுதான் நடந்தது. இறையியல் மேதை தாமஸ் அக்குவினாஸ் 1274-இல் இறந்தது மார்ச் 7. பெரிய ஆளுக்கு நாள் போயிற்று, ஆயிரம் ஆண்டு மூத்த பெண்கள் இருவரும் அந்தப் பூசையில் ஓரமாக நினைக்கப்படும் நிலைக்கு வந்தார்கள். 1908-இல் அவர்களை மார்ச் 6-க்கு நகர்த்தினார்கள். 1969-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாள்காட்டியைத் திருத்தியபோது அக்குவினாஸ் ஜனவரி 28-க்குப் போனார், மார்ச் 7 உரியவர்களுக்குத் திரும்பி வந்தது.

அதே திருத்தத்தில் பபியானுக்கும் செபஸ்தியாருக்கும் நாள் மாறவில்லை, ஆனால் நினைவு தனித்தனியாகப் பிரிந்தது. சிப்பிரியானையும் உரோமை ஆயர் கொர்னேலியுவையும் பிரிக்கவில்லை. கொர்னேலியு 253-இல் இத்தாலியில் நாடு கடத்தப்பட்ட இடத்தில் இறந்தார், சிப்பிரியான் 258 செப்டம்பர் 14-இல் கார்த்தேஜில் தலை வெட்டப்பட்டார். இடமும் ஆண்டும் வேறு. ஆனால் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித் தாங்கிக்கொண்ட நண்பர்கள் இவர்கள், அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. செப்டம்பர் 14 சிலுவையின் விழா என்பதால் இருவருக்கும் சேர்த்து 16. இங்கே நாள்காட்டி உறவும் பார்த்திருக்கிறது.

1969-இல் கிறிஸ்டோபர், பார்பரா, வாலன்டைன் போன்றோரின் புனிதர் பட்டம் பறிக்கப்பட்டது என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. உலகம் முழுவதும் கொண்டாடும் பொது நாள்காட்டியிலிருந்து மட்டுமே அவர்கள் நீக்கப்பட்டார்கள். மறைசாட்சியர் நூலில் மூவரும் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் பெயரிலான கோயில்களில் திருநாள் தாராளமாக எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. கிழக்கு மரபுச் சபைகள் சில இன்னமும் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றுகின்றன. அது நம் சுவர் நாள்காட்டிக்கு இப்போது 13 நாள் பின்தங்கி ஓடுகிறது. அதனால் ரஷ்யாவில் பேதுரு, பவுல் திருநாள் ஜூலை 12-இல் வருகிறது என்று யாராவது சொன்னால் அது வேறு திருநாள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கணக்கில் அன்றுதான் ஜூன் 29.